மூன்றாம் கொட்டகை முட்டை

என் இடுப்பு ஒரே நாற்காலியில் வெகுநேரம் தாங்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. பேச்சுக்கு நடுவில் எழுந்து நின்றால் ஓடப் பார்க்கிறேன் என்று நினைக்கவேண்டாம். செம்பனைக் குலையை நீளக்கம்பு அரிவாளால் அறுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, சேற்றுக்குள் தள்ளிய இடுப்பு இது. கல்யாண வயதுக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த உடம்பை வைத்துத்தான் கோழி வளர்த்தேன்.

உங்களுக்குத் தமிழ் வருவது நல்லதாய்ப் போயிற்று. எனக்குத் தெரிந்த மலாய் கடைக்கும் லோரிக்காரனுக்கும்தான் போதும். இந்த விஷயத்துக்குப் போதாது.

என் பெயர் தங்கராஜு. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனைத் தாண்டி, செம்பனைக்கு நடுவே, பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரமாக என் பண்ணை இருக்கிறது. நான்கு கொட்டகை, எல்லாம் முட்டைக் கோழிகள். என் தங்கை மகள் லோஷினியைப் பற்றிக் கேட்கத்தான் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அதற்கு வருகிறேன். ஆனால் கோழியிலிருந்து தொடங்கினால்தான் பிள்ளையிடம் வந்து சேர முடியும்.

கோழிக்குச் சீக்கு வந்தபிறகு மருந்து கொடுப்பவன் பண்ணை நடத்தமாட்டான். வருவதற்கு முன்பே கொடுக்கவேண்டும். தீவனம் கொண்டுவந்து போடும் ஐயாவு அப்படித்தான் சொல்வார். அவரிடம் பவுடர் பொட்டலங்கள் இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு கரண்டி கலந்துவிட்டால் கோழி குடித்துக்கொள்ளும். முதலில் வெள்ளைப் பவுடர். சில வருடம் நன்றாக வேலை செய்தது. பிறகு கேட்கவில்லை. மஞ்சள் பவுடருக்கு மாறினேன். அதுவும் கேட்காமல் போனபோது இரண்டையும் கலந்து போட்டேன். மழுங்கிய அரிவாளை வைத்துக்கொண்டு யாரும் குலை அறுப்பதில்லை. வேறு அரிவாள் எடுப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

போன வருடம் ஐயாவு மூன்றாவதாக ஒன்று கொண்டுவந்தார்.

“இதுவும் கேக்கலன்னா அப்புறம் வேற கிடையாது, தங்கராஜு. ஆஸ்பத்திரியில மனுசனுக்கே இதோட தம்பியத்தான் போடுறான்” என்றார்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் கோழிகளுக்கு மனிதனுக்குச் சமமான வைத்தியம். நான் பிறந்த தோட்டத்து லயத்தில், வரிசைக் குடியிருப்பில், மனிதனுக்கே அது கிடைத்ததில்லை. காய்ச்சல் என்று போனால் கணக்கெழுதும் கிராணி ஒரு மாத்திரை தருவார். வயிற்றுவலி என்று போனாலும் அதே மாத்திரைதான்.

மழைக்காலத்தில் மூன்றாம் கொட்டகையில் கோழிகள் வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தன. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல் தரை கிடந்தது. தினமும் நாலைந்து தலையைத் தொங்கப்போட்டுச் செத்தன. பண்ணைகளைச் சோதிக்கும் ஹைருல் என்பவர் வந்து, எச்சத்தையும் முட்டையையும் குப்பியில் எடுத்துப்போனார். திரும்பி வந்தபோது வெளியே மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்து பேசினார். சால்மொனெல்லா என்ற கிருமியாம். அது பல பண்ணையிலும் இருப்பதுதானாம், அது பெரிய செய்தியில்லை. என் பண்ணையில் இருப்பது என் பவுடர்களைக் காலைப் பசியாறல் மாதிரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறதாம், அதுதான் செய்தி. இத்தனை வருடம் நான்தான் ஊட்டி வளர்த்திருக்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

இந்தக் கொட்டகை முட்டை ஒன்றுகூட விற்கக்கூடாது, கோழிகளை ஒழித்துவிட்டுக் கொட்டகையைக் கழுவவேண்டும் என்று சொன்னார். நான் சரி என்றேன். வேகவைத்தால் கிருமி செத்துவிடாதா என்று கேட்டேன். நன்றாக வெந்தால் சாகும், ஆனால் யார் எப்படி வேகவைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார்.

நான் விற்கவில்லை, ஐயா. அதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் கொட்டகை முட்டை ஒன்றுகூட என் கையிலிருந்து விலைக்குப் போகவில்லை.

கோழிகளை ஒழிப்பதுதான் முடியவில்லை. முட்டை இட்டுக்கொண்டிருக்கிற கோழியைக் கொல்ல எனக்கு மனம் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. மூன்றாவது பவுடரை இரட்டிப்பாகக் கலந்துவிட்டுப் பார்ப்போம் என்று விட்டேன். கழிச்சல் நின்றது. சாவு நின்றது. முட்டை மட்டும் நிற்கவில்லை, அட்டை அட்டையாகச் சேர்ந்தது. குப்பையில் கொட்டுவது பாவம். பண்ணையில் வேலை செய்யும் நேப்பாளிகளுக்குக் கொடுத்தேன். முனியாண்டி கோயில் படையலுக்குக் கொடுத்தேன். நல்லா வேக வையுங்க என்று எல்லோரிடமும் சொல்லித்தான் கொடுத்தேன். கோயிலில் வெங்காயம் போட்டுக் கருகக் கருக வதக்கினார்கள். ஒருவருக்கும் வயிறு கடுக்கவில்லை. எனக்கு மாலை போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கலாவதி போன் செய்தாள்.

கலாவதி என் ஒரே தங்கை. அம்மா போனபின் அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவன் நான். புக்கிட் செந்தோசாவில் இருக்கிறாள். வரிசை வீடு, இரண்டு அறை. மாப்பிள்ளை முகுந்தன் செரண்டாவில் தொழிற்சாலை வேலை. ஒரே பிள்ளை லோஷினி.

“அண்ணே, லோஷினி உக்காந்துட்டா. மொத முட்டை உன் கையாலதான்” என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் உண்டோ என்னவோ. எங்களில் பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் தாய்மாமன் தென்னை ஓலையில் குடிசை கட்டவேண்டும். அது இப்போது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நாலு ஓலை சாத்துவதோடு சரி. முட்டை மட்டும் மாறவில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, காலி ஓட்டில் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வைப்பார்கள். சடங்குக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் தினம் ஒன்று. இடுப்பு எலும்பு கெட்டியாகும், கர்ப்பப்பை பலப்படும் என்பார்கள். முட்டை தாய்மாமன் வீட்டுச் சீர்.

மற்ற மூன்று கொட்டகை முட்டையும் வியாபாரிக்குப் பேசியிருந்தது. ஆனால் ஓர் அட்டை எடுத்திருந்தால் அவன் ஒன்றும் செய்திருக்கமாட்டான். அதனால் அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். காரணம் வேறு. மூன்றாம் கொட்டகையில் இருந்தவை வயதான கோழிகள். அவற்றின் முட்டை பெரிது. முகுந்தனின் அக்கா ஒருத்தி உண்டு, நாக்கு நீளம். நான் கலாவதிக்கு எடுத்துக் கொடுத்த பட்டுப் புடவையை மூன்று வருடம் கழித்தும் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவள். மாமன் கோழிக்காரராச்சே, முட்டையாவது முட்டை மாதிரி வருதான்னு பார்ப்போம் என்று அவள் சொன்னதாகக் கலாவதியே போனில் சொல்லியிருந்தாள். பெரிய முட்டை தட்டில் எடுப்பாகத் தெரியும்.

இன்னொன்றும் நினைத்தேன். அதையும் சொல்லிவிடவேண்டும். பத்து நாளாக அந்தக் கோழிகள் மூன்றாவது பவுடரை இரட்டிப்பாகக் குடிக்கின்றன. கோழிக்குள் போனது முட்டைக்குள்ளும் வரும். அப்படியானால் அந்த முட்டையிலேயே மருந்து இருக்கிறது. பிள்ளைக்குச் சத்துக்குச் சத்து, மருந்துக்கு மருந்து. கிருமி அந்த மருந்துக்குத்தான் பழகிப்போயிருந்தது என்று ஹைருல் சொன்னது ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் சாவு நின்றுவிட்டதே. நான் கண்ணால் பார்த்ததை நம்புகிறவன்.

தட்டில் வாழைப்பழம், பூ, மஞ்சள், நல்லெண்ணெய் போத்தல், நடுவில் ஓர் அட்டை முட்டை. முகுந்தனின் அக்கா முட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கவில்லை. அவளிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

லோஷினிக்குப் பன்னிரண்டு வயது. பேட்மிண்டன் ஆடுவாள், முழங்காலெல்லாம் காயத் தழும்பு. ஓலைக்குப் பின்னால் புதுத் தாவணியில், யாரோ வீட்டுத் துணியை மாற்றி உடுத்தியதுபோல் உட்கார்ந்திருந்தாள். நான் முட்டையை உடைத்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, வாந்தி வருது லா. மேகியில உடைச்சு ஊத்துங்க, ஃபுல்லா சாப்பிடுறேன். ப்ராமிஸ்.”

“பச்சையாத்தான் குடிக்கணும்.”

“ஹாஃப் பாயிலாச்சும் போடுங்க மாமா.”

“ஒரே மூச்சுல குடிச்சிரு. தெரியவே தெரியாது.”

குடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று அவள் கேட்டபடி மேகியில் ஊற்றியிருந்தால் நாம் இரண்டு பேரும் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கமாட்டோம். முகுந்தனின் அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தாள். தாய்மாமன் கொண்டுவந்த முட்டையை அடுப்பில் வைப்பதா? அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முடியுமுன் பிள்ளைக்குக் காய்ச்சல். வயிறும் போனது. எண்ணெய் குடித்தால் வயிறு இளகும், அது நல்லதுதான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கலாவதி எனக்குப் போன் செய்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஐயா. சந்தேகம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். மூன்றாம் கொட்டகைத் தரை கண்ணுக்கு முன்னால் வந்தது.

சும்மா இருக்கவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஒரு கோழிக்கு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். கோழி இரண்டு கிலோ, பிள்ளை முப்பத்தெட்டு கிலோ. பத்தொன்பது கோழிக்கான அளவை மைலோவில் கலந்து கொடுத்தேன். கலாவதியிடம் நாட்டு மருந்துப் பொடி என்றேன். அண்ணன் கொண்டுவந்தது என்பதால் அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் கிளினிக் போகவேண்டாம், உடம்புச் சூடுதான், இறங்கிவிடும் என்று அவளைப் பிடித்துவைத்தேன்.

மூன்றாம் நாள் பிள்ளை முகுந்தனை வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் என்னைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நஜீபா நம்மவர்தான், தமிழிலேயே பேசினார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். என்ன சாப்பிட்டாள் என்று கலாவதியைக் கேட்க வருவதற்கு முன்பே நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பச்சை முட்டை விஷயத்தைச் சொல்லாதே என்றேன். படிச்சவங்க நம்ம பழக்கத்தைக் கேட்டாலே ஏளனமாப் பார்ப்பாங்க, பிள்ளையைச் சரியாக் கவனிக்கமாட்டாங்க என்றேன். அவள் உடனே நம்பினாள். லயத்திலிருந்து வந்தவர்களிடம் இந்த ஒரு பயத்தை எப்போது எடுத்துக் காட்டினாலும் வேலை செய்யும். எனக்கும் அதுதான் பயம் என்பதால் நன்றாகவே சொல்லத் தெரிந்தது.

வெளியே எதுவும் சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்டபோது, ஷேக் தாவூது கடையில் முர்தபா வாங்கிக் கொடுத்தேன் என்றேன். வாங்கிக் கொடுக்கவில்லை. புக்கிட் செந்தோசாவில் எனக்குத் தெரிந்த சாப்பாட்டுக் கடை அது ஒன்றுதான், வாயில் வந்துவிட்டது. அதிகாரிகள் போய் அவர் கடையை மூடினார்கள். பிறகு திறந்துவிட்டார். கூட்டம் முன்புபோல் இல்லையாம்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

“அண்ணே, நீங்க கோழிப் பண்ணை வெச்சிருக்கீங்கன்னு உங்க மச்சான் சொன்னாரு. நாங்க போட்ட மருந்து ரெண்டும் கேக்கல. இன்னும் ஒண்ணு இருக்கு, ரொம்ப ஸ்ட்ராங். ரிசல்ட் வர்ற வரைக்கும் அதைத் தொட யோசிக்கிறேன். உங்க பண்ணையில ஏதாச்சும் சீக்கு வந்துச்சா? என்ன மருந்து போடுறீங்க? பேர் சொன்னா எனக்கு ரெண்டு நாள் மிச்சம்.”

அவர் போட்ட மருந்துகளின் பெயரையும் சொன்னார். ஒன்று எனக்குத் தெரிந்த பெயருக்குப் பக்கத்துப் பெயராக இருந்தது. ஐயாவு சொன்ன தம்பி.

நான் யோசித்தேன். அவசரப்பட்டுப் பேசவில்லை. மூன்றாம் கொட்டகையை இன்னும் ஒழிக்கவில்லை என்று தெரிந்தால் நான்கையும் இழுத்து மூடுவார்கள். லைசென்ஸ் போகும். இந்த இடுப்போடு நான் மறுபடி செம்பனைக்குப் போகமுடியாது. தவிர, டாக்டர் கெட்டிக்காரர், தானாகவே கண்டுபிடிப்பார் என்று தோன்றியது. கண்டுபிடிப்பது அவர் வேலை.

“ஒண்ணுமில்ல, டாக்டர். சுத்தமான பண்ணை. பச்சத் தண்ணிதான் குடுக்குறோம்” என்றேன்.

தேங்க்ஸ் அண்ணே என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

ரிசல்ட் வந்ததும் அந்த வலுவான மருந்தைப் போட்டார்கள். அது கிருமிக்குக் கேட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும், கிருமி உண்மையிலேயே அடங்கியது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. இது ஆரோக்கியமான பிள்ளை எளிதில் சாகிற நோய் இல்லை, கொஞ்சம் முந்தியிருந்தால் என்று டாக்டர் முகுந்தனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். சடங்குக்குக் குறித்திருந்த அதே வாரம் லோஷினியை எடுத்துப்போனோம். கன்னிப்பெண் என்பதால் கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்தார்கள். அந்தப் புடவையும் தாய்மாமன்தான் எடுக்கவேண்டும். நல்லதாகவே எடுத்தேன். முகுந்தனின் அக்கா தடவிப் பார்க்கவில்லை.

பிள்ளையின் ரத்தத்தில் இருந்ததும் ஹைருல் என் கொட்டகையில் குப்பியில் எடுத்துப்போனதும் ஒரே கிருமி என்று உங்கள் ஆட்கள் பொருத்திப் பார்த்துவிட்டார்கள். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். அந்த ஆதாரம் இல்லாமல் இருந்திருந்தால் வந்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது. வந்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கோழிகளை ஒழித்துவிட்டார்கள். என்னால் முடியாததை உங்கள் ஆட்கள் ஒரு காலையில் செய்துவிட்டார்கள்.

கொஞ்சம் எழுந்து நிற்கிறேன். இடுப்பு.

இன்னும் ஒன்று பாக்கி. இது உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கருமாதி அன்று ஆட்கள் போனபிறகு கலாவதி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை, உன்கிட்ட மட்டும் சொல்றேன் அண்ணே என்றாள்.

“நீ கொண்டாந்த முட்டைய நான் ஒழுங்கா குடுக்கல. அவ அழுதா. ரெண்டு நாளு சிங்குல கொட்டிட்டு, குடிச்சிட்டான்னு உன்கிட்ட பொய் சொன்னேன். அதான் அவ ஒடம்புல தெம்பு இல்லாமப் போச்சு. எல்லாத்தையும் குடிச்சிருந்தா தாங்கியிருப்பா. எம்பிள்ளைய நானே கொன்னுட்டேண்ணே.”

அவள் கையால் இரண்டு முட்டையாவது அந்தப் பிள்ளைக்குள் போகாமல் நின்றிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் லோஷினிக்கு நல்லது செய்த ஒரே ஆள் கலாவதிதான். அதைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுண்ணே என்றாள்.

நான் மன்னித்துவிட்டேன், ஐயா. அவள் தலையில் கை வைத்து, விடு கலா, தெரியாம செஞ்சதுதானே, நான் மன்னிச்சிட்டேன் என்று சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கும்தான். அன்று இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று முகுந்தன் சொல்கிறான். விடியற்காலையில் எழுந்து சமையலறையில் சிங்க் பக்கத்தில் நிற்கிறாளாம். எனக்கு மட்டும்தான் தெரியும் அவள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று. ஒரு வார்த்தையில் அவளை அங்கிருந்து நகர்த்திவிடலாம். இதுவரை நகர்த்தவில்லை.

நீங்கள் அவளிடம் சொல்லிவிடுவீர்கள், அது உங்கள் வேலை. ஆனால் உங்கள் வாயால் கேட்டால் கணக்குத் தீராது. உன் மகளைக் கொன்றது நீ இல்லை, நான்தான், தெரிந்துதான் செய்தேன் என்பதை என் வாயால் என் தங்கை கேட்கவேண்டும். அது நான் அவளுக்குப் பட்ட கடன். இன்னும் கொடுக்கவில்லை.